போன்ல உங்கப்பா சொன்ன அந்த வார்த்தை

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமா இருக்கீங்கன்னு மாப்பிள்ளை அனுப்பின செய்தியில தெரிஞ்சுக்கிட்டேன், அதுவே எனக்குப் போதும். என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, மனசைப் பத்திக் கேட்காதே. போன் பண்ணினா நீ எடுக்கறதில்ல, எடுத்தாலும் எனக்கு வாய் வராது, அதான் எழுதறேன். பிழை இருந்தா நீயே சரிபண்ணிப் படிச்சுக்கோ. இங்க மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க. அப்பாவோட குழாய் வேலை ரெஞ்சு, ரம்பம் எல்லாம் இருக்கற பையை அவர்கூட வேலை பார்த்த கொத்தனார் வந்து கேட்டார், குடுக்க மனசு வரல, கதவுக்குப் பின்னாடியே கிடந்து தினம் கால்ல இடிக்குது. உங்க அத்தை அடிக்கடி வர்றா, வந்தா ஊசி மாதிரி ஒரு வார்த்தை குத்தாம போகமாட்டா, இப்ப அதுவும் ஒரு துணையாத்தான் இருக்கு.

அப்பா காரியம் எல்லாம் முடிஞ்சு நீ ஊருக்குக் கிளம்பறப்ப செருப்பை மாட்டிக்கிட்டே சொன்ன, அவருக்குத்தான் மகளே கிடையாதேம்மா, நான் எதுக்கு அழணும்னு. அன்னைக்கிலிருந்து அதே பேச்சுதான் என் காதுல இருக்கு. நீ காதால கேட்டது நிஜம்தான், ஆபரேஷன் முடிஞ்சு நீ போன் பண்ணினப்ப எனக்கு மகளே கிடையாது, யார் நீ, வை போனைன்னு கத்தினார். உன் கல்யாணத்துக்கு அப்புறம் உங்கூட ரொம்ப நாள் பேசாம இருந்து அப்புறம்தான் பேசினவர்ங்கறதால நீயும் அதை நம்பிட்ட. அப்பாவுக்கு இன்னும் கோபமாம்மான்னு என்கிட்ட கேட்ட. ஆமாடி கோபம்தான், தானா ஆறும்னு நான் சொன்னேன். அது பொய்டி. கோபமும் இல்ல ஒண்ணும் இல்ல, அன்னைக்கு அவருக்கு நான் யாருன்னே தெரியல.

நெஞ்சைத் திறந்து செஞ்ச ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, கண்ணு முழிச்சு நல்லாத்தான் பேசினார். மறுநாள் ஆளே மாறிட்டார். நெஞ்சுல ரத்தம் வடிய ஒரு குழாய், கழுத்துல ஒண்ணு, மூத்திரத்துக்கு ஒண்ணு போட்டிருந்தாங்க. இவர் அதையெல்லாம் தடவிப் பார்த்துட்டு, எந்த முட்டாள்டா இப்படி ஜாயிண்ட் போட்டான், டேப் சுத்தாம விட்டிருக்கான் பாரு, வீடெல்லாம் ஒழுகுது, தண்ணியை நிறுத்துங்க, கேட் வால்வை மூடுங்கடான்னு சத்தம் போட்டு நெஞ்சுக் குழாயைப் பிடிச்சு இழுத்தார். பெரிய டாக்டர் ஓடி வந்தா அவரைப் பார்த்து, உன்னை நம்பி வேலையை ஒத்துக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்னு திட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் நெஞ்சுத் தையலைக் கையால அமுக்கிக்கிட்டுச் சிரிச்சார், சிரிக்க வைக்காதீங்கய்யா வலிக்குதுன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் உங்கப்பா போர்வையைத் தள்ளி உடுப்பை அவிழ்த்து எறிஞ்சார், ஊசி போட வந்த பொண்ணை ஓங்கி அறைஞ்சார். என் மேல ஒரு நாள்கூடக் கை நீட்டாத மனுஷன். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டேன்.

அறை வாங்கின பொண்ணே கன்னத்தைத் தடவிக்கிட்டு எனக்குச் சமாதானம் சொல்லுச்சு. இது பைத்தியம் இல்லம்மா, பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்க நிறைய பேருக்கு வர்ற குழப்பம், பெரும்பாலும் தானா தெளியும், தெரிஞ்ச குரல் காதுல விழணும், தெரிஞ்ச முகம் கண்ணுல படணும், கண்ணாடி போடுவாரா, காது மெஷின் வைப்பாரான்னு கேட்டுச்சு. கண்ணாடியை எடுத்துக் குடுத்தேன். மெஷின் இல்லேன்னுட்டேன். என் கைப்பைக்குள்ளதான் இருந்தது.

உனக்கே நாங்க சொல்லல. சுவத்துல காதை வச்சா உள்ள எங்க கசியுதுன்னு சொல்லிடுவார்னு உங்கப்பாவுக்கு நாலு தெருவுல பேரு. காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் வேலைக்குக் கூப்பிடுவான்னு வீட்டுக்குள்ள மட்டும் மாட்டிப்பார், வாசல்ல மணி அடிச்சா கழட்டிச் சட்டைப் பையில போட்டுப்பார். உங்கூடப் பேசறப்பவும் அதை மாட்டிக்கிட்டுத்தான் பேசுவார். நர்ஸ் கேட்டப்ப அத்தை என் பக்கத்துலயே நின்னா, அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு இல்லேன்னேன். அதுக்கப்புறம்தான் உன் போன் வந்தது, தெரிஞ்ச குரலாச்சேன்னு அவர் காதுல வச்சேன். நீ பேசினது ஒண்ணும் காதுல விழாம, எதிர்ல இருக்கறது யாருன்னும் புரியாம வாய்க்கு வந்ததை உளறினார். அவர் புத்தி கலங்கியிருக்குன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு நாக்கு கூசிச்சு. உன் மாமியார் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்கன்னு பார்த்தேன். கோபக்காரன்னா ஆம்பளைன்னா அப்படித்தான்னு விட்டுடுவாங்க, பித்துப் பிடிச்சவன்னா குடும்பத்துக்கே கெட்ட பேராயிடும். அந்த மானத்துக்காக உங்கப்பா மனசை நான் வித்துட்டேன்.

அத்தை வீட்டுக்குப் போனதும் மெஷினை மாட்டி விட்டு அவர் கையைப் பிடிச்சுப் பேசிக்கிட்டே இருந்தேன். உடனே ஒண்ணும் தெளியல, கொஞ்சம் கொஞ்சமா கத்தறது நின்னுது. மறுநாள் என்னைப் பார்த்து நீ சாப்பிட்டியான்னார். நர்ஸ் பொண்ணு காதைப் பார்த்துட்டு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மான்னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு, அவர் அறைஞ்ச அறை அதுக்கு, இது எனக்கு. தெளிஞ்சிருந்த நாள்ல பாப்பா போன் பண்ணலியா, பாப்பா போன் பண்ணலியான்னு உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார். தான் உளறினது எதுவும் ஞாபகம் இல்ல. உனக்குப் போன் போட்டா என் பொய் வெளிய வந்துடுமேன்னு, அவளுக்கு வேலைங்க, பேசுவான்னேன். சரி பரவாயில்ல, குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னாளே, எவனாவது வந்து குழாயையே மாத்தணும்பான், ஏமாற வேண்டாம், உள்ள வாஷர் மட்டும் மாத்தினாப் போதும்னு அவகிட்ட சொல்லிடுன்னார். மகளே இல்லேன்னவர் பேசற பேச்சாடி இது. அதுக்கப்புறம்தான் இதயத் துடிப்பு தாறுமாறாகி ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைச்சுடுச்சு, அப்புறம் பேச்சில்ல, அப்படியே போயிட்டார். அந்தக் குழப்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மான்னு டாக்டர் சொன்னார். சில நேரம் நம்பறேன், சில நேரம் நம்ப முடியல.

நேத்து அத்தைகிட்ட மெஷின் விஷயத்தைச் சொல்லிட்டேன். தெரியாதாக்கும், என் கூடப் பொறந்தவனுக்குக் காது கேட்காதது எனக்குத் தெரியாதா, இத்தனை வருஷமா நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தறேன்னு நெனச்சன்னு கேட்டா. யார்கிட்ட மறைக்கறதுக்காக இவ்வளவும் செஞ்சேனோ அவளுக்கே தெரிஞ்சிருக்கு. எங்க போய் முட்டிக்கறது.

சம்பந்திக்கும் இதே ஆபரேஷன் சொல்லியிருக்காங்கன்னு மாப்பிள்ளை எழுதியிருந்தார். கண்ணாடி, காது மெஷின், பல் செட்டு எது இருந்தாலும் நர்ஸ்கிட்ட ஒளிக்காம சொல்லுங்க. கண்டபடி பேசினார்னா அதை மனசுல வச்சுக்காதீங்க, யார் கேட்டாலும் குழப்பமா இருக்கார்னு உள்ளதைச் சொல்லுங்க. மாப்பிள்ளைகிட்ட இந்தக் கடுதாசியைக் காட்டு, நான் என்ன ஆளுன்னு தெரிஞ்சா தெரியட்டும்.

நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் குறையில்லாம இருக்கணும், நான் வேண்டறது அவ்வளவுதான். குழாய்க்கு வாஷரை மாத்து, மறந்துடாதே. போன் எடுக்க மனசு வராட்டி எடுக்க வேண்டாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். கோபத்தையெல்லாம் என் மேல வச்சுக்கோ, எத்தனை வருஷம் வேணா வச்சுக்கோ. உங்கப்பாவுக்காக மட்டும் ஒரு தடவை அழுதுடு கண்ணு.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் கூசற
அம்மா