கொடி தாழ்ந்தும் நில்லாத நீர் குறித்துத் தாழையூர் ஆள்வாருக்கு

திருவும் திறலும் தழைக்க. மலையருவிகளை ஆணைக்குள் அடக்கி, அவற்றின் வலிமையை மின்னாக மாற்றி, வேங்கைமலை நாடெங்கும் விளக்கேற்றிய பேரரசர் திறல்கோ வேந்தரின் திருவடி நிழலிலிருந்து, மின்வினைப் பேரமைச்சன் கீரங்கண்ணன் விடுக்கும் ஓலை. வெண்குடையும் முத்துப் பல்லக்கும் வழிவழியாகப் பெற்றவரும், தாழையூர்க் கோட்டத்தின் காவலருமான நாடாள்வார் பிட்டனார் காண்க. உம் கோட்டத்தில் கழனிகள் விளைக. கால்நடைகள் பெருகுக. குளங்கள் தத்தம் கரைக்குள்ளேயே இருக்க. இந்தக் கடைசி வாழ்த்து மரபில் இல்லாதது. உம்மை எண்ணி நானே சேர்த்தேன்.

நம் நலத்தைப் பற்றி எழுதுவது முறை. எழுதுவதற்கு நலம் ஒன்றும் இல்லை. உம்முடைய மறுமொழிகளைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமும் இல்லை, உணவில் விருப்பமும் இல்லை.

தாழையூர்த் தெப்பக்குளத்து நீரேற்றி நிலையத்தின் பொறுப்பாளரான எயினி என்னும் பெண், உம் கொடி தாழ்ந்தும் நீரை நிறுத்தாமல் ஆணையை மீறினாள் என்று நீர் தீர்ப்பளித்திருக்கிறீர். திருவிழாக் கொடி இறக்கும் நாளில் அவளுடைய வலக்கையைத் துணிப்பதென்றும் முடிவு செய்திருக்கிறீர். இதை நிறுத்துமாறு முன்பே ஓலைகள் விடுத்தேன். ஒன்றுக்கு மாம்பழக் கூடையுடன் வணக்கம் அனுப்பினீர். மற்றொன்றுக்கு, குற்றத்தில் நிலையத்தின் மின்கருவிக்கும் பங்குண்டு என்பதால் அதற்கும் விலங்கு பூட்டிச் சிறையில் வைத்திருப்பதாகப் பெருமையுடன் எழுதினீர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வில்லைக்கு விலங்கு பூட்டிய கொல்லனை நான் ஒருமுறை நேரில் காண விரும்புகிறேன்.

ஆகவே அக்கருவி யாது, அது ஏன் உமக்குக் கீழ்ப்படியவில்லை என்பதை இன்னும் ஒருமுறை எழுதுகிறேன். இம்முறையேனும் முழுவதும் படிப்பீராக.

தைரிஸ்டர் என்று கடல்கடந்த வணிகர் பெயர் சொல்லி நமக்கு விற்ற அக்கருவி, மின்னோட்டத்துக்கு ஒரு கதவு. மணலிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கனை இருவகையாகப் பக்குவம் செய்து, ஒன்று மாற்றி ஒன்றாக நான்கு அடுக்குகள் வைத்து அதை ஆக்குகிறார்கள். மேலே மின் நுழையும் முனை, கீழே மின் வெளியேறும் முனை, இடையில் கதவுமுனை என்று ஒரு மெல்லிய கம்பி. அடுக்கும் அடுக்கும் சேரும் எல்லைகள் மூன்று. மேலிருந்து மின் தள்ளும்போது ஓரத்து எல்லைகள் இரண்டும் வழிவிடும், நடு எல்லை மட்டும் மறுத்து நிற்கும். கதவுமுனையில் சிறிதளவு மின்னை ஒரு கணம் தொட்டுக் காட்டினால் அந்த நடு எல்லையும் இளகிவிடும். யானையை இழுக்கும் அளவு மின்னும் அதன் வழியே பாயும்.

இதுவரை நீரும் அறிவீர். இதற்கு மேல்தான் நீர் காதில் போட்டுக்கொள்ள மறுக்கிறீர்.

கதவு திறந்தபின் மேல் அடுக்குகளில் ஓடும் மின் கீழ் அடுக்குகளைத் திறந்து வைக்கிறது. கீழ் அடுக்குகளில் ஓடும் மின் மேல் அடுக்குகளைத் திறந்து வைக்கிறது. உம் அவைப் புலவர் இருவரை நினைத்துக்கொள்ளும். நீர் தலையசைத்தால் ஒருவர் மற்றவரைப் புகழத் தொடங்குகிறார். அவர் இவரைப் புகழ்கிறார். பிறகு நீர் தலையை அசைத்தாலும் ஒன்று, அசைக்காவிட்டாலும் ஒன்று. பந்தியில் சோறு தீரும்வரை அவர்கள் நிறுத்துவதில்லை. தைரிஸ்டரும் அப்படியே. கதவுமுனையில் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் அது மூடாது. அதன் வழியே ஓடும் மின்னே குறைந்து, ஒரு குறைந்த அளவுக்கும் கீழே இறங்கினால்தான் மூடும்.

தலைநகரில் தாம் கண்டது வேறு என்று நீர் எழுதினீர். உண்மைதான். சென்ற வேனில் விழாவில் பேரரசர் கொடியை உயர்த்தியதும் அரண்மனை நீரூற்று எழுந்ததையும், தாழ்த்தியதும் அடங்கியதையும் என் அருகில் அமர்ந்துதான் பார்த்தீர். வாய் பிளந்து பார்த்தீர். ஆனால் தலைநகரின் மின் அருவிச் சக்கரத்திலிருந்து நேரே வருவது. அது முன்னும் பின்னுமாக ஊசலாடுவது. ஒவ்வோர் ஊசலிலும் ஒரு கணம் ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்கும். அக்கணத்தில் தைரிஸ்டர் தானே மூடிக்கொள்ளும். ஆகையால் அங்கே ஊசல்தோறும் கதவுமுனையைப் புதிதாகத் தொட்டபடியே இருக்கிறோம். அரசர் கொடியைத் தாழ்த்தியதும் தொடுவதை நிறுத்துகிறோம், நீரூற்று அடங்குகிறது. ஊசலின் தொடக்கத்திலேயே தொட்டால் விளக்கு முழுதாக எரியும், சற்றுத் தாமதித்துத் தொட்டால் மங்கலாக எரியும். கூத்து மேடையில் அந்தி ஒளியைக் கண்டு நீர் வியந்ததும் இதனால்தான். மந்திரம் ஒன்றுமில்லை என்று அன்றே சொன்னேன்.

உம் ஊருக்கு அருவி இல்லை. ஆகையால் மின்கலங்களை அடுக்கி வண்டியில் அனுப்பினோம். மின்கலத்து மின் ஊசலாடாது. ஒரே திசையில், ஒரே சீராக, இறங்காமல் ஓடும். அதில் தைரிஸ்டரைத் திறந்துவிட்டால் அது தானாக ஒருநாளும் மூடாது. இதை அறிந்தே, மூடுவதற்கென்று ஒரு மின்தேக்கிப் பெட்டியையும் சேர்த்து அனுப்பினோம். நிறுத்த வேண்டிய வேளையில் அப்பெட்டி தான் தேக்கிவைத்த மின்னை எதிர்ப்புறமாக ஒரு கணம் பாய்ச்சும். ஓட்டம் தடைப்படும், நடு எல்லை மூச்சு வாங்கி மீண்டும் இறுகும், கதவு மூடும். எயினி தலைநகரில் எம்மிடம் பயின்றவள். அவள் அதைச் சரியாகவே பொருத்தியிருந்தாள்.

அப்பெட்டியைக் கழற்றியவர் யார் என்று நான் கேட்டிருந்தேன். உம் மறுமொழியில் மாம்பழத்தின் இனிமை இருந்தது, இதற்கு விடை இல்லை. உம் அரண்மனைக் கணக்கர் விடை அனுப்பியிருக்கிறார். பெட்டி பார்வைக்கு அழகாக இல்லை, விருந்தினர் முன்னிலையில் முனகுகிறது, நாடாள்வாரின் கொடி தாழ்ந்தால் தாழையூரில் முரசு நிற்கும், சந்தை நிற்கும், வழக்கு நிற்கும், அவ்வாறிருக்கக் குளத்து நீர் மட்டும் நிற்பதற்கு வேறொரு பெட்டி எதற்கு என்று தாங்களே கூறி, அதைக் கழற்றிப் பந்தல் சாமான் கொட்டிலில் போடச் செய்தீர்களாம். பெட்டியின்றித் தொடங்கலாகாது என்று எயினி பணிந்து கூறினாளாம். பெண்ணுக்கு வாய் நீளம் என்று தாங்கள் அருளினீர்களாம்.

பின்னர்த் திருவிழாப் பந்தலில் நடந்ததற்கு ஊரே சாட்சி. கொடியை உயர்த்தினீர், உம் ஆணைப்படி கதவுமுனை தொடப்பட்டது, குளத்தில் நீர் ஏறியது. கொடியைத் தாழ்த்தினீர், நீர் ஏறிக்கொண்டே இருந்தது. மீண்டும் உயர்த்தி மீண்டும் தாழ்த்தினீர். நாற்காலியின்மேல் ஏறி நின்று தாழ்த்தினீர். திறந்த கதவை மேலும் மேலும் தட்டுவதால் அது மூடிவிடும் என்று எந்த நூலில் படித்தீரோ அறியேன். நீர் கரை மீறிப் பந்தலில் புகுந்தது, பாயசம் மிதந்தது, படித்துறையில் நின்றிருந்த குழந்தைகளின் மார்பளவு ஏறியது. அப்போது எயினி ஓடிச்சென்று, மின்கல அடுக்கின் தலைக்கம்பியை வெறுங்கையால் பற்றிப் பிடுங்கி எறிந்தாள். பிடுங்கிய இடத்தில் தீ பாய்ந்து அவள் உள்ளங்கை வெந்தது. நீர் நின்றது. ஒரு குழந்தையும் மாளவில்லை.

அந்தக் கையைத்தான் வெட்டப் போகிறீர்.

பிட்டனாரே, ஆளும் பொறுப்பில் முதிர்ந்தேன், சினத்தை அடக்கக் கற்றேன் என்று எண்ணியிருந்தேன். இதை எழுதும்போது அது பொய்யாயிற்று. அவள் ஆணையை மீறவில்லை. உம் ஆணை சென்று சேரக்கூடிய ஒரே வழியை நீரே கழற்றிக் கொட்டிலில் போட்டீர். அதன்பின் ஊரைக் காத்தவள் அவள் ஒருத்தியே. வெட்க வேண்டியவர் யார் என்பதைக் குழந்தைகளைப் பெற்றவர்கள் உமக்குச் சொல்லத் துணிய மாட்டார்கள்; நான் சொல்கிறேன்.

தீர்ப்பைத் திரும்பப் பெறுமாறு உம்மை மீண்டும் வேண்டப் போவதில்லை. வேண்டியதெல்லாம் வேண்டியாயிற்று. நீர் எடுத்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறீர். இனி அதற்கு மூலத்தில்தான் வழி செய்ய வேண்டும் என்று பேரரசரிடம் விண்ணப்பித்தேன், அவரும் இசைந்தார். இவ்வோலை உம் கைக்கு வரும் வேளையில், உம் கோட்டைக் காவலருக்கும் கொலைத்தொழிலாளனுக்கும் படியளக்கும் பண்டாரம் அரச முத்திரையால் பூட்டப்பட்டிருக்கும். அவர்கள் அனைவரும் இதைக் கொணரும் படைத்தலைவர் நெடும்பரணரின் சொல்லுக்கு உட்பட்டவர்கள். உம் கொடியை எவ்வளவு உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அவர்கள் அசைய மாட்டார்கள்.

பேரரசரின் ஆணை இது. எயினியை இன்றே விடுவித்து, மருத்துவரை அவள் இல்லத்துக்கு அனுப்புக. விலங்கிட்ட வில்லையையும் விடுவிக்க. அதற்கு மருத்துவர் வேண்டா. மின்தேக்கிப் பெட்டியைக் கொட்டிலிலிருந்து எடுத்து, தூசு துடைத்து, எல்லோரும் காணும்படி நிலையத்தின் முகப்பிலேயே வைக்க. புதிய நாடாள்வார் வரும்வரை தாழையூரின் முத்திரை மோதிரம் அவளிடம் இருக்கும்.

வேங்கை முத்திரை பொறித்து, பேரரசர் திருமுன் படித்துக் காட்டி, அவர் வாய்மொழி பெற்று விடுத்த ஓலை. கண்டவுடன் நிறைவேற்றுக, மாம்பழம் அனுப்பற்க. மோதிரத்தை ஊரார் முன்னிலையில் நீரே கழற்றி, நீரே எயினியிடம் கொடுப்பீராக. அவள் இடக்கையில் கொடும். வலக்கை இன்னும் ஆறவில்லை.