புயல் மணி

அக்டோபர் 30, 1355

இன்று நான் சொல்லாமல் விட்டது: அது மேகம் இல்லை.

நண்பகலில் மாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். மேற்கே, தூலூஸ் பக்கம், கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. மேகமானால் மேலேயிருந்து வந்திருக்கும். இது தரையிலிருந்து எழுந்தது. இங்கிலாந்து இளவரசனின் படை ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு வருவது எல்லோருக்கும் தெரியும். கரோன் ஆற்றைத் தாண்டாது என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை.

அப்பா கீழே யாருக்கோ பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். சொல்லப் போனேன். போன வருடம் ஏதோ நூலில் படித்துவிட்டு, கிரகணம் வரும் என்று ஊரெல்லாம் சொன்னேன், வரவில்லை. அன்றிலிருந்து என் பெயர் ஜோசியக்காரி. படியிலேயே திரும்பிவிட்டேன்.

சற்று நேரத்தில் கோயிலில் புயல் மணி அடித்தது. சத்தத்தில் மேகம் கலையும் என்று அடிப்பது. மதிலுக்கு வெளியே சரிவில்தான் நீலச் சாயத்துக்கு அரைத்து உருட்டிய இலை உருண்டைகள் காய்கின்றன. அவற்றை மூட ஆட்கள் ஓடினார்கள். என் அக்கா ப்ரூனிசெனும் தன் கைக்குழந்தையை என்னிடம் தந்துவிட்டுக் கிளம்பினாள்.

"பிடிடி இவன. நனைஞ்சா வருசம் பூராப் பட்ட பாடு போச்சு. ஏய் ஜோசியக்காரி, மழை எப்ப வரும்னு சொல்லேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றே, மாலை

சரிவில் குதிரைகள். குழந்தையோடு மணிக்கூண்டுக்கு ஓடினேன். மணி அடிக்கும் சிக்கார் கீழே நின்று கயிறு இழுப்பவர், வெளியே நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னும் புயல் மணிதான் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே இருப்பவர்களை உள்ளே கூப்பிடும் ஆபத்து மணியை அடியுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன்.

"ஊர்ச் சபை உத்தரவு இல்லாம அத அடிச்சா என் தலை போயிரும் தாயி."

சபைத் தலைவரைத் தேடி ஓடினேன். உத்தரவு வந்தது. அதற்குள் மதில் வாயிலைச் சாத்திவிட்டார்கள். பிறகு அடித்தார்கள் — யாருக்காக?

அக்டோபர் 31

சரிவு முழுக்கத் தீ. வாயிலைத் திறக்கவில்லை. அக்கா வெளியே இருக்கிறாள் என்று காவலனிடம் அழுதேன்.

"என் பொண்டாட்டியுந்தான் வெளிய இருக்கா," என்றான். சாவியை எடுக்கவில்லை.

நவம்பர் 1

எல்லாப் புனிதர் திருநாள். பிள்ளை எந்தப் பாலையும் தொடவில்லை. ஐயோ, அழக்கூட அவனுக்குத் தெம்பில்லையே. நான் என்ன பண்ணுவேன்?

நவம்பர் 2

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். புகை என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்று. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுச்சு," என்றார். "சபையில நாலு பேரு சிரிப்பாங்களேன்னு இருந்துட்டேன்."

இன்னும் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

நவம்பர் 3

படை கிழக்கே போய்விட்டது. வாயிலைத் திறந்தார்கள். வெளியே போனவர்கள் நாற்பத்தொரு பேர். நாணலில் ஒளிந்திருந்த பதினாறு பேர் நடந்து வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

நவம்பர் 15

இனிப் புயலுக்கு மணி அடிப்பதில்லை என்று சபை தீர்மானித்தது. தீர்மானத்தை எழுத வேண்டிய அப்பா இறகுப் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அக்காவை நான்காம் தேதி ஓடை வளைவில் கண்டெடுத்தோம். அன்றே புதைத்தோம். பிள்ளை ஆட்டுப்பாலுக்குப் பழகிவிட்டான்.