அண்ணன் மில் டீமுக்குப் போகிறான்

மாசி 4, செவ்வாய்

நல்ல பனி. தெருவில் நெசவுக்குப் பாவு நூல் விரித்தவர்கள் வெயிலுக்குக் காத்திருந்தார்கள். எனக்குச் சளி.

கரீம் அண்ணன் வந்தார். பிள்ளையார்பாளையம் சடுகுடு டீமுக்கு அவர்தான் கேப்டன். சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினார்.

"சண்முகம்! ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் மில் டீம் நம்மளோட ஆட வருதுடா. புடிச்சுப்போனா மில்லுல வேல, டீம்ல எடம்!"

அண்ணன் தறிக்குழியை விட்டு எழுந்தே விட்டான். அப்பா தன் தறியிலிருந்து நிமிரவில்லை. "நாலு பேரு கால வாரி வுடறதுக்கு ஒரு மில்லு, அதுக்கு ஒரு சம்பளம்."

ஒரு சிக்கல். அவர்கள் ரூல்படி 'கபடி' என்றுதான் பாடிப் போக வேண்டும். வேறு என்ன சொன்னாலும் அவுட். அண்ணனோ அரை டிராயர் காலத்திலிருந்து 'சடுகுடு' என்றே பாடிப் பழகியவன். குளக்கரை மணலில் தொடங்கியது. முன்பல் போனதும் அங்கேதான். போன வருஷம் மாகறலில் ஐந்து பேர் பிடித்தும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டானாம். தோளில் தூக்கி வந்தார்கள்.

மாசி 5, புதன்

சளி குறையவில்லை. மிளகு ரசம்.

மாம்பழ நிறப் புடவை, அரக்குக் கரை. இரண்டையும் இணைத்து நெய்யும் கோர்வை. அண்ணன் குழியில், நான் வலப்பக்கம். ஊடை நூல் ஏற்றிய நாடாவை உடலுக்கு அவன் எறிவான், கரைக்கு நான். நான் எறியாமல் அவன் அடுத்த மிதி மிதிக்க முடியாது. ஏழாவதோடு பள்ளியை நிறுத்தி என்னை உட்கார வைத்தது இதற்குத்தான்.

இன்று அது உதவியது. மிதிக்கு மிதி கபடி சொல்ல வைத்தேன். வாய் தவறினால் நாடாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எறிமா."

எறியவில்லை.

"இன்னா?"

"சடுகுடுன்ட்டே."

"இல்லவே இல்ல."

"சொன்னேண்ணா நீ. மொதல்லேந்து."

அப்பா: "கல்யாணப் பொண்ணுக்கு நெய்யறீங்களா, அவ பேத்திக்கா?"

மாசி 8, சனி

இன்று நாடாவை ஒருமுறைகூட நிறுத்த வேண்டி வரவில்லை. அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பனங்கற்கண்டு வாங்க வேண்டும்.

மாசி 9, ஞாயிறு

மைதானத்தில் பெண்கள் நிற்பதில்லை. கரீம் அண்ணன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன், அவருடைய அம்மாவோடு. மில்காரர்களுக்கு நீல பனியன். எல்லாருக்கும் ஷூ.

அண்ணன் முதலில் ஏறிப் போனான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். ஒரே கூச்சல். நடுவர் அண்ணனைத்தான் வெளியே போகச் சொன்னார். சடுகுடு என்றிருக்கிறான்!

கரீம் அண்ணன் ஒருவரை அவுட்டாக்கியதும் அண்ணனைத் திரும்பச் சேர்த்தார்கள்.

மறுபடி உள்ளே வந்து ஏறினான். இந்த முறை மாடிவரை கேட்டது, கபடி கபடி கபடி. கால் தறி மிதிப்பது போலவே விழுந்தது. நாலு நீல பனியன் மேலே விழுந்தது. அப்படியே நகர்ந்தான். முழங்கையால், மோவாயால். வாய் மட்டும் நிற்கவில்லை. விரல் கோட்டைத் தொட்டது.

கரீம் அண்ணனின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடி, கையில ஈ ஓட்டிக்கினு கீறே?" அப்போதுதான் தெரிந்தது. நானும் நாடா எறிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மில்காரர் ஒருவர் அண்ணனின் தோளைத் தட்டியதை இங்கிருந்தே பார்த்தேன்.

மாசி 10, திங்கள்

வேலை நிச்சயம். பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து வாசலில் ஆள். 'சண்முகம் தங்கச்சி' என்று பால்காரர் கூப்பிட்டார். இதுவரை எனக்குப் பெயரே இருந்ததில்லை அவரிடம்.

அப்பா சாப்பிடும்போது கேட்டார். "அந்தத் தறிய யாரு ஓட்டறது? நிறுத்திட முடியுமா?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அப்ப போவல."

எங்கள் தெருவில் பெண்கள் நூல் சுற்றுவார்கள், கோர்வைக்கு உட்காருவார்கள். குழியில் இறங்குவதில்லை. அண்ணன் ஆடப் போகும் சாயங்காலங்களில் நான் இறங்கி, இரண்டு நாடாவையும் மெல்ல எறிந்து நெய்து பார்த்ததுண்டு. ஒருவருக்கும் தெரியாது.

"நான் எறங்கறேன்பா," என்றேன். என் குரல்தானா என்று இருந்தது.

அப்பா மோர் ஊற்றிக்கொண்டார். "நீ நெய்ஞ்சதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சுக்கினியா? அவன் அடிக்கும் உன் அடிக்கும் வித்தியாசம் துணியில தெரியாதா?"

நான் தலையைத் தூக்கவில்லை.

"பிரிச்சேனா? வுட்டு வெச்சேன்ல. நல்லாத்தான் இருந்துது."

அண்ணன் மிச்சச் சோற்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மாசி 20, வியாழன்

காலை பஸ். அண்ணன் போய்விட்டான். ஷூ இன்னும் வாங்கவில்லை. அங்கே தருவார்களாம்.

மாசி 23, ஞாயிறு

வெயில். கால் வலி. இரண்டாம் நாளாகக் குழியில் நான். அப்பா தன் தறியை விட்டு, பழகும்வரை என் வலப்பக்கம் கோர்வைக்கு உட்காருகிறார். எட்டிப் பார்க்கிறவர்களை அவரே முறைக்கிறார்.

இன்று மில் டீமில் அண்ணனுக்கு முதல் ஆட்டம்.

நாலு மணி இருக்கும். நான் மிதித்துவிட்டேன், அப்பாவிடமிருந்து நாடா வரவில்லை. பார்த்தால் நாடா கையிலேயே இருக்கிறது. வாய் அசைகிறது. கபடி கபடி.

"எறிப்பா," என்றேன்.

"இரும்மா. இன்னும் கோட்டத் தொடல அவன்."