ஒரு பிடி புக்கை

உம்முடைய மனைவி உமது சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்தபோது உமக்குத் தெரிந்ததா? தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டு நின்றீரா? இந்தக் கேள்வி வருடக்கணக்கில் என்னிடம் கிடக்கிறது. விடை எனக்குத் தெரியாது. இனி நீர் வந்து சொல்லப்போவதுமில்லை.

இன்று பக்கத்து வீட்டுக்காரி வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய்வந்து, அம்மனுக்குப் பொங்கிப் படைத்த புக்கையில் கொஞ்சம் இலைத் துண்டில் சுற்றி எனக்கும் தந்தாள். விறகுப் புகையின் மணம் சோற்றில் இன்னும் இருந்தது. நீர் வவுனியாவில் இறந்துபோன செய்தி போன மாதம்தான் நான் இருக்கும் ஊரான தண்ணீரூற்றுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கேட்டபோது எனக்குள் ஒன்றும் அசையவில்லை. புக்கையை வாயில் வைத்தபோதுதான் நீர் நினைவுக்கு வந்தீர்.

நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடத்தில் விலங்கியல் படித்தவர்கள். நுளம்பின் வயிற்றைக் கீறி உருப்பெருக்கியில் பார்த்து நீர் வரைந்த படத்தை விரிவுரையாளர் ஆய்வுகூடச் சுவரில் ஒட்டிவைத்தார். மலேரியாக் கிருமி எப்படி உடம்புக்குள் போகிறது, ஈரலில் எவ்வளவு காலம் பதுங்குகிறது, எப்போது இரத்தத்துக்கு வருகிறது என்பதெல்லாம் உமக்கு மனப்பாடம். பரீட்சைக்கு முதல்நாள் எனக்கு அதை விளங்கப்படுத்தியவரும் நீர்தான். அந்தக் கால வழக்கப்படி ஒருவரையொருவர் 'நீர்' என்றே பேசிக்கொண்டோம்.

போரில் இடம்பெயர்ந்து வந்து, தண்ணீரூற்றில் ஒரு கொட்டிலில் குடியேறி, நான் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் உம்மை மறுபடி கண்டேன். நீர் பாஸ்டராகியிருந்தீர். கிடுகுக் கூரை போட்ட ஒரு சபை, வெள்ளைச் சேட்டு, எங்கள் ஒழுங்கையிலேயே டயர் தேயாத ஒரே சைக்கிள். சபையாருக்கு முன்னால் நான் பழைய பழக்கத்தில் கதைத்தது உமக்குப் பிடிக்கவில்லை.

"சனத்துக்கு முன்னாலை என்னை நீர் எண்டு கூப்பிடாதையும். அதை நாங்கள் ஜெபத்திலை ஆண்டவருக்குத்தான் சொல்லுறது."

"அப்ப கம்பசிலை முழுக்க நான் ஜெபம் பண்ணிக்கொண்டே திரிஞ்சனான்?"

நீர் சிரிக்கவில்லை. முன்னைய ஆள் என்றால் சிரித்திருப்பார்.

நானும் ஞானஸ்நானம் பெற்றவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆனாலும் கும்பிடுகிறவர்களை நான் இகழ்ந்ததில்லை. உம்மை இகழத் தொடங்கியது புஷ்பத்தின் காய்ச்சலோடுதான்.

புஷ்பம் என் அடுத்த கொட்டிலில் இருந்தவள். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். கணவன் முத்தையா வயல்களில் கூலிவேலை செய்தான். திருமணமாகி நெடுங்காலத்துக்குப் பிறகு அவள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். உமது சபையில் சேர்ந்து ஒரு வருடமும் ஆகவில்லை. அந்த வைகாசியில் வற்றாப்பளைக்குப் போய் ஒரு பிடி புக்கை தின்றாள். பிறகு ஒருநாள் நடுக்கக் காய்ச்சல் பிடித்தது. புக்கைக் கதையை யாரோ உம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தீர். அவள் இரண்டு சாக்குகளைப் போர்த்துக்கொண்டு, பற்கள் அடிக்கக் கிடந்தாள். நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பேசத் தொடங்கினீர்.

"விக்கிரகத்துக்குப் படைச்சதைத் தின்றிருக்கிறாய். இது சும்மா காய்ச்சல் இல்லைப் பிள்ளை, கீழ்ப்படியாமைக்கு வந்த காய்ச்சல். நாளைக்குச் சபைக்கு முன்னாலை வந்து அறிக்கை செய். பிறகு ஜெபிக்கிறன். அதுக்கு முதல் ஆஸ்பத்திரி, குளிசை எண்டு போனால் அது இரண்டாம் கீழ்ப்படியாமை."

"இது நுளம்புக் காய்ச்சல். அது உமக்கு நல்லாத் தெரியும்," என்றேன்.

"நுளம்பை அனுப்பினது ஆர்?"

"அப்ப குளிசையை அனுப்பினது ஆர்?"

நீர் என் பக்கம் திரும்பவேயில்லை. "படிச்ச பெருமை," என்று புஷ்பத்திடம் சொல்லிவிட்டு எழும்பினீர்.

மலேரியா மருந்துக் குளிசைக்கு அப்போது பெரும் தட்டுப்பாடு. ஆளைக் கொண்டுவந்து இரத்தம் சோதிக்காமல் தரமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நடத்திக்கொண்டு போகக்கூடிய தூரமில்லை. "பாஸ்டரய்யா சைக்கிளைக் குடுத்தா ஏத்திக்கிட்டுப் போயிருவேங்க டீச்சர்," என்றான் முத்தையா. புஷ்பம் சாக்குக்குள்ளிருந்து தலையாட்டி மறித்தாள்.

"வேணாங்க. சாமி கோவத்துல வயித்துப் புள்ளைய எடுத்துக்கிட்டா நான் என்னாங்க செய்வேன்?"

கடவுள் பிள்ளையை எடுப்பார் என்ற பயத்தை அவளுக்குள் போட்டவர் நீர். எங்களைச் சுற்றி அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பாரும். ஊர் ஊராகச் சனத்தைக் கலைத்துக் காட்டுக்குள் கொட்டியவர்களுக்கு உமது கடவுள் ஒரு தும்மல் தடிமன்கூடக் கொடுக்கவில்லை. செல் குண்டு அடித்தவன் சுகமாக இருந்தான். பதுக்கி விற்றவன் கொழுத்தான். அவ்வளவையும் விட்டுவிட்டு, பசித்த ஒரு கர்ப்பிணி கையேந்தி வாங்கிய ஒரு பிடி சோற்றை அவர் கண்டுபிடித்தார் என்று நீர் சொன்னீர். இவ்வளவு சின்ன மனமுள்ள கடவுளை எங்கே பிடித்தீர்? ஏதேன் தோட்டத்திலாவது வேறு சாப்பாடு இருந்தது.

அறியாத ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். நீர் நுளம்பின் வயிற்றை வரைந்தவர். சிலர் இறந்த பிறகு நினைவில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். உம்மை அப்படி ஆக்க நானும் முயன்று பார்த்தேன், முடியவில்லை. உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஓர் இகழ்ச்சியும் ஒரு கேள்வியும்தான். கேள்வி உமக்கும் விளங்குவதற்காக, மறுநாள் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அறிக்கை செய்யாமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அவள் நின்றதால், ஞாயிறு காலை நானும் முத்தையாவும் இரண்டு பக்கமும் பிடித்துப் புஷ்பத்தைச் சபைக்குக் கொண்டுவந்தோம். அவளை நிற்கவைத்தே கேட்டீர்.

"என்ன செய்தாய்?"

"புக்கை தின்னேங்க."

"ஏன் தின்றாய்?"

"பசிச்சுதுங்க."

பின்வரிசையில் கண்டாவளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அன்னமக்கா எழும்பினா.

"பாஸ்டர், நானும் தின்றனான். ரெண்டு தரம் வாங்கினனான். எனக்கு ஒரு காய்ச்சலும் வரேல்லையே?"

"அன்னமக்காவுக்குக் கீழ்ப்படியாமையும் செமிக்கும்," என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. பிறகு இன்னொருத்தி எழும்பினாள், அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பமே எழும்பியது. பசி எல்லாருக்கும் ஒன்றுதானே. கடைசியாக, முன்வரிசையில் பாயில் இருந்த உம்முடைய மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினா.

"நானும் தின்றனான். இவரும் தின்றவர். நான் காய்ச்சின பாற்சோறு எண்டு சொல்லிக் குடுத்தனான். நல்லாயிருக்கு, இன்னும் கிடக்கோ எண்டு கேட்டவர்."

கிடுகுக் கூரை பறந்துவிடும்போலச் சனம் சிரித்தது. புஷ்பமும் நடுங்கிக்கொண்டே சிரித்தாள். நீர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "ஜெபிப்போம்!" என்று கத்தி, கண்களை இறுக மூடிக்கொண்டீர். கீழ்ப்படியாத ஜனத்தைப் பற்றி நீண்ட ஜெபம். அதன் நடுவில் அவா உமக்குப் பக்கத்தில் வந்து, சட்டைப் பைக்குள் கைவிட்டுத் திறப்பை எடுத்தா. ஒரு சொல்லில் உம்முடைய குரல் தடக்கியது. பிறகு ஜெபம் தொடர்ந்தது. கண் திறக்கவில்லை.

முத்தையா சைக்கிளை உருட்ட, நான் புஷ்பத்தைக் கரியரில் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரத்தம் பார்த்தார்கள், மலேரியாதான். முதல் குளிசை வயிற்றில் தங்காமல் சத்தியெடுத்தாள், திரும்பவும் கொடுத்தார்கள். வயிற்றில் பிள்ளையின் துடிப்பு நன்றாகக் கேட்கிறது என்று நேர்ஸ் சொன்னா. பொழுதுபடமுன் வேர்த்து, காய்ச்சல் இறங்கிக் கஞ்சி கேட்டாள். உப்பும் கொஞ்சம் கூடப் போடச் சொன்னாள்.

அவர்களை அங்கே விட்டுவிட்டுச் சைக்கிளைக் கொண்டுவந்தேன். சபையில் நீர் தனியாக இருந்தீர். புஷ்பத்துக்கு எப்படி என்று கேட்கவில்லை.

"திறப்பு," என்று கையை நீட்டினீர்.