திங்கள், செவ்வாய், புதன்

நேற்று கல்லூரியில் எங்கள் துறைக்குப் பனியன் கொடுத்தார்கள். முதுகில் துறையின் பெயர், நெஞ்சில் ஒரு பல்சக்கரம். எல்லோரும் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்க ஓடினார்கள். நான் மட்டும் அதை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தையல் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்குளில் ஒரு தையல் விட்டிருந்தது, கழுத்தில் பிசிறு. திருப்பூர்க்காரியை எங்கே கொண்டுபோய் விட்டாலும் இதைத்தான் செய்வாள். அப்புறம் அதை மூக்கருகே கொண்டுபோனேன். கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மெஷின் எண்ணெய், கொஞ்சம் இஸ்திரி ஆவி. ப்ளஸ் டூவில் நீ என் பக்கத்தில் வந்து உட்காரும்போது வருகிற அதே வாசம். உன் அம்மாவின் புடவையிலிருந்து உன் யூனிபார்முக்கு ஒட்டிக்கொண்டு வரும். பனியனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். பக்கத்திலிருந்தவள் "குளிருதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

குளிர் இல்லை, பயம். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்த்தேன். வருகிற ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. அதை நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் முதலில் உன்னிடம் எழுதிப் பார்க்கிறேன். நீ திட்டினாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை, அதுவும் ஒரு வசதிதான்.

ஆரம்பித்தது நம் பள்ளிக்கூடத்தால். கல்லூரிக்குப் போன பழைய மாணவர்களைக் கூப்பிட்டு, இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லச் சொல்கிறார்களாம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி போட்டார்கள்: ப்ளஸ் டூவில் இருந்த உனக்கு இப்போது நீ என்ன சொல்வாய்? பதில்கள் கொட்டின. முதல் செமஸ்டரிலேயே அரியர் வைக்காதே. மாமா பையன் எடுத்தான் என்று நீயும் அதே குரூப் எடுக்காதே. ஹாஸ்டலுக்கு இரண்டு பக்கெட் கொண்டுபோ, ஒன்றை எவனாவது தூக்கிவிடுவான். மெஸ் சாம்பாரை நம்பாதே. படித்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த ப்ளஸ் டூ பெண்ணிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அதை எப்படி மேடையில் சொல்வது?

சொல்லவில்லை. போன சனிக்கிழமை மேடையேறி, இங்கிலீஷ் பேசப் பழகுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பேசுங்கள் என்று ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். நன்றாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இறங்கி வந்ததும் ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒருத்தி ஒரு விஷயத்த யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா, சொல்லலாங்களா?"

நான் குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன். "அவளுக்கு ஆபத்தான விஷயமா?"

"தெரிலீங்க. ஆனா எனக்கு பயமா இருக்குதுங்க."

"அப்ப சொல்லிடு. இப்பவே."

"அப்பறம் அவ எங்கூடப் பேசவே மாட்டாளுங்க்கா."

"பேசாட்டிப் போறா. பேசாமயாவது உசுரோட இருப்பா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள், "உங்களுக்கும் இப்படி ஆயிருக்குதுங்களா? நீங்க சொன்னீங்களா?"

இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றேன். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு டீச்சர்கள் அறை வாசல்வரை போனேன். உள்ளே போகும் முன்னால் அவள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை.

உனக்குத் தெரியும், எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பல்லிக்குப் பயம், லேப் அடுப்பைப் பற்றவைக்கப் பயம், எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவுக்குப் பயம். "ஒங்கப்பா உன்ன ஒரு அடி அடிச்சிருக்காராட்டி? பெறகு என்னத்துக்கு இப்படி நடுங்குத?" என்று கேலி செய்வாய். அடித்ததே இல்லைதான். ஆனால் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற ஷிப்மென்ட் சமயத்தில் அவர் பேசாமல் சாப்பிடுகிற முகத்தை நீ பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பல்வலி, மாமா வீட்டுச் சண்டை, ரேங்க் கார்டில் கையெழுத்து எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "எதா இருந்தாலும் ஷிப்மென்ட் முடியட்டுங் கண்ணு." உன் வீட்டிலும் அதே கதைதான். என் அப்பாவின் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில்தானே உன் அம்மா செக்கிங் பார்த்தார். என் அப்பாவின் ஷிப்மென்ட்தான் உங்கள் ஷிப்மென்டும்.

ப்ளஸ் டூவில் அந்தத் திங்கட்கிழமை பெஞ்சில் உன் கை என் கைமேல் பட்டது. கொதித்தது. காய்ச்சலாடி என்று கேட்டேன்.

"சத்தம் போடாத. லேசாத்தான். அம்மாக்கு இந்த வாரம் ஒண்ணர ஷிப்ட். தெரிஞ்சா லீவு போட்டுட்டு வந்து உக்காந்துரும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

உன் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு, அதை எழுதாமல் போய்விடுவோமோ என்பதுதான் உன் கவலை. மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தந்ததும் நான்தான். பெரிய உதவி செய்வதாக எனக்கு நினைப்பு. உன் அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். சாயந்திரம் அம்மா வருவதற்கு முன்னால் மாத்திரை போட்டு, முகம் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். வேலை முடிந்து வருகிற அம்மாவுக்கு உன் கையைத் தொட்டுப் பார்க்கக்கூட அலுப்பு.

வியாழன் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. "விட்டுருச்சுட்டி!" என்று நீ பஸ் ஸ்டாப்பிலிருந்தே கத்தினாய். எனக்கு ஒரே சந்தோஷம். மாரியம்மனுக்கு வேண்டியிருந்த தேங்காயைக்கூடப் பெரிதாக உடைக்கிறேன் என்று மாற்றி வேண்டிக்கொண்டேன். லேப்பில் எல்லோருக்கும் முன்னால் உனக்குக் கொடுத்த உப்பு என்னவென்று கண்டுபிடித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாய், பசி என்று சொன்னாய். காய்ச்சல் விடுகிற நாளில்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று அப்போது நமக்கு யார் சொன்னார்கள்?

அன்று சாயந்திரம் கன்டெய்னர் கிளம்பியது. உன் அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார், நீ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை காலை என் அப்பா தன் காரிலேயே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் கூட வந்தேன். டாக்டர் கேட்டார், "எத்தனை நாளாக் காய்ச்சல்?"

"காய்ச்சலே இல்லீங்களே டாக்டர். நேத்து சாயங்காலந்தான் வாந்தி" என்றார் உன் அம்மா.

நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன். திங்கட்கிழமையிலிருந்து என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சு எனக்கு வரவில்லை. டெங்கு என்று ரத்தம் பார்த்து அவர்களே கண்டுபிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை.

உன்னை எடுத்துப்போன பிறகு என் அப்பா உன் அம்மாவிடம் சொன்னார். "ஏனுங்கம்மா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வண்டிய எடுத்துட்டு வந்திருப்பனுங்களே." அழுதுகொண்டே சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்று கேட்டேன். இந்த மனிதருக்குத்தான் நான் பயந்தேன்.

அந்தச் சின்னப் பெண்ணிடம் இல்லை என்று சொல்லிவிட்டதால், அதற்குமேல் என்னால் அதை அடக்கி வைத்திருக்க முடியவில்லை. மறுநாள் வேலம்பாளையத்துக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "வா பாப்பா, காலேஜ் லீவா?" என்றார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். திங்கட்கிழமையே காய்ச்சல் அத்தை, எனக்குத் தெரியும், மாத்திரை வாங்கித் தந்ததும் நான்தான்.

கீரை உருவிய கை நின்றது.

"டாக்டரு கேக்கும்போது நீ அங்கனதான நின்ன?"

பாப்பா என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். நான் ஓடிவிடலாமா என்று தெருவைப் பார்த்தேன், பிறகு சிதறிக் கிடந்த கீரையை ஓரமாக அள்ளி வைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மடியில் கீரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"திங்கக்கெழம மதியம் சாப்பிட்டாளா?"

"ரெண்டு வாய் அத்தை. எலுமிச்சை சாதம்."

"நாந்தான் கட்டிக்கொடுத்தேன். பெறகு?"

பிறகு மீதியை நான் சாப்பிட்டதைச் சொன்னேன். மூன்றாவது பீரியடில் நீ தூங்கியதையும், டீச்சர் பார்க்காமல் நான் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து மறைத்ததையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை என் ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். "என்ன கலரு?" என்று கேட்டார். நீலம் என்றேன். உனக்கு அது பெரிதாக இருந்ததா என்றுகூடக் கேட்டார். அந்த மூன்று நாள் நீ என்ன தின்றாய், எதற்குச் சிரித்தாய் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கம்பெனியில் என் அப்பாவின் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை என்று நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னைக்கு இதுக்கு மேல கேக்க என்னால ஏலாது. வார ஞாயித்துக்கெழம வா. புதன்கெழமய அப்பச் சொல்லு."

மன்னித்தாரா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

புதன்கிழமை உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மதிய இடைவேளையில் லேப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். உதடு வறண்டு வெடித்திருந்தது உனக்கு. அதுவரை விளையாட்டாகவே பேசியவள், திடீரென்று சின்னப் பிள்ளை குரலில் சொன்னாய்.

"ஏட்டி, எனக்கு அம்மா வேணும் போல இருக்கு. ஒங்கப்பாக்கு ஒரு போன் போட்டு எங்கம்மாவக் கூப்புடச் சொல்லுதியா?"

ஷிப்மென்ட் வாரத்தில் கம்பெனியில் எல்லோருடைய போனையும் வாங்கி ஆபீஸ் மேஜையில் பெட்டியில் போட்டுவிடுவார்கள். என் அப்பா வழியாகத்தான் கூப்பிட முடியும். நம் பள்ளி ஆபீஸ் ரூமில் கேட்டால் போன் தருவார்கள், இருபது அடி தூரம். நம்பர் எனக்கு மனப்பாடம். நான் உன்னை நினைக்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் நினைத்தேன்.

"நாளைக்குக் கன்டெய்னர் கிளம்பிடும்டி. ஒரே ஒரு நாள். ஷிப்மென்ட் முடியட்டும்."

சொன்னது நான். சத்தியம் வாங்கிய நீயே அதை உடைக்கச் சொல்லிக் கேட்டாய், நான்தான் உடைக்கவில்லை. நீ சண்டை போடவில்லை, சரி என்று மட்டும் சொன்னாய். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாய். இன்று எந்தக் கூட்டத்தில் நின்றாலும் அந்த இடது தோள் எனக்குத் தனியாகத் தெரிகிறது.

இதைச் சொன்னால் உன் அம்மா தாங்குவாரா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம், அவருக்கு வலிக்குமே என்று ஒரு நல்ல காரணமும் கையில் இருக்கிறது. ஆனால் நல்ல காரணங்களோடு வாயை மூடிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை ஆயிற்றே. "அம்மா வேணும்" என்று நீ சொன்னது என்னிடம் இல்லை, அவரிடம். இரண்டு வருடமாக அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பயமாக இருக்கிறதடி. அவர் வாசல் கதவைச் சாத்திவிடலாம். இனி என் முகத்திலேயே விழிக்காதே என்று சொல்லலாம், சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. இருந்தாலும் போகிறேன். நீ உன் அம்மாவைக் கூப்பிடச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.