ஹார்லோ மாவட்டத்துக் குழாயடி

அன்புள்ள மகன் ராய்ஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் மொன்டானாவில் நீ வாங்க நினைக்கும் நிலத்தைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம், அப்பாவின் முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை. நீயும் கப்பலில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஜப்பானில் யோகோசுகா வீட்டில் உன் மெரிடித்தும் குழந்தையும் சுகம், நோராவுக்கு மேல்பல் வந்துவிட்டதாம், கண்டதையெல்லாம் கடிக்கிறாளாம். நடுக்கடலில் உன்னை போனில் பிடிக்க முடியாது, அதனால் இதை எழுதி மெரிடித்துக்கு அனுப்புகிறேன், நீ கரை இறங்கியதும் முதலில் இதைப் படி. அந்த நில ஏஜெண்ட் அனுப்பியிருக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. பதறாதே, கெட்ட சேதி ஒன்றுமில்லை.

நாளைக்கு உலகத்துக்கு என்ன வந்தாலும் நம் குடும்பம் யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைக்க வேண்டும் என்று சொல்லி, ஹார்லோ மாவட்டத்து மேட்டு நிலத்தைப் படத்தில் பார்த்தே வாங்குவதென்று நீ முடிவு செய்தபோது எனக்கு இரண்டு கவலை வந்தது. சேர்த்ததெல்லாம் அதில் போகிறதே என்பது ஒரு பக்கம், நீங்கள் மூன்று பேரும் பூட்டிய கேட்டுக்குள் மலைமேல் கிடந்து, ஒன்று ஆனால் ஏனென்று கேட்க நாதியில்லாமல் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "உப்புக்காத்து உன் பையன் மூளைக்கு ஏறிடுச்சு, நான் அந்த மலைப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு மறுநாள் விடிவதற்குள் காரைத் துடைத்து வைத்துவிட்டார், அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே.

வெள்ளிக்கிழமை ஏஜெண்டோடு போய்ப் பார்த்தோம். நீ கேட்டதெல்லாம் இருக்கிறது. விறகுக்குப் பஞ்சமே இல்லை, மான் கூட்டம் வாசலில் மேய்கிறது, கொட்டகை போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லை. ஜூன் மாதத்திலும் உறைபனி விழுமாம், தக்காளி ஆசையை விட்டுவிடு, உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் நன்றாக வரும். அங்கேயுள்ள வீட்டுக்குள் ஏஜெண்ட், கிணறு இருக்கிறது என்று சொல்லிக் குழாயைத் திறந்து காட்டினார், கொட்டோ கொட்டென்று கொட்டியது, அப்பா ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார், ஏதோ அவரே தோண்டின கிணறு மாதிரி. எனக்கு மனசு ஒட்டாமல் போனது பக்கத்து நிலத்தின் கேட்டைப் பார்த்துத்தான். மணிக்கட்டு மொத்தத்தில் சங்கிலி, மண்டையோடு வரைந்த பலகை, உள்ளே வந்தால் சுடுவேன் என்று எழுத்து. இப்படிப்பட்ட ஆள் பக்கத்திலா என் பேத்தி வளர வேண்டும் என்று ராத்திரி முழுக்கப் புலம்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை, மலையடிவாரத்தில் தீயணைப்புக் கொட்டகை பக்கத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி. மேலேயிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் தொங்குகிறது, அதன் அடியில் ஒவ்வொருவராக வந்து ரொப்பிக்கொண்டு போகிறார்கள். குழாய்க்குப் பொறுப்பு ஓப்பல் என்கிற அம்மாள், என் வயதுதான் இருக்கும், வாய் எனக்கு மேல். எதற்கு இத்தனை தொட்டி என்று கேட்டேன். "மேட்டுல எவன் வீட்லயும் தண்ணி கிடையாதும்மா. ஒவ்வொருத்தனும் நிலவறையில அஞ்சு வருஷத்துக்கு அரிசியும் பீன்ஸும் அடுக்கி வச்சிருக்கான். தண்ணிக்கு மட்டும் வாராவாரம் எங்கிட்ட வந்துதான் ஆகணும். உலகம் அழிஞ்சா இவங்க எல்லாரும் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் உயிரோட இருப்பாங்க" என்றாள். வரிசையில் நின்றவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் பார்த்த வீட்டிலும் குழாயில் வந்தது மண்ணுக்கடியில் புதைத்த தொட்டித் தண்ணீர்தானாம். அப்பா ஏஜெண்டுக்கு போன் போட்டுக் கத்தினார், அந்த மனுஷன் அலட்டிக்கொள்ளாமல், "கிணறு இருக்குன்னுதானே சார் சொன்னேன், அது வத்திப்போச்சான்னு நீங்க கேக்கவேயில்லையே" என்றாராம்.

நாங்கள் கிளம்பலாம் என்று இருந்தபோது ஓப்பல் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கர்டிஸ் எங்க?" என்றாள். அந்த மண்டையோட்டு கேட்டுக்காரர்தான் கர்டிஸ், தனியாள். எப்போதும் முதல் வண்டி அவருடையதாம். ஒருவன், "போனா சுடுவாரு" என்றான். "சுடுறதுக்காவது எந்திரிக்கிறாரான்னு பாப்போம்" என்று அவள் இரும்பு வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். பின்னாலேயே மூன்று வண்டி, அதற்குப் பின்னால் எங்கள் காரில் முட்டிவலியோடு உன் அப்பா, பக்கத்தில் நான். சங்கிலியை வெட்டி உள்ளே போனால், நிலவறைப் படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அந்த மனுஷன் கிடக்கிறார், வியாழக்கிழமையிலிருந்து கிடந்திருக்கிறார். சுற்றிலும் டப்பா டப்பாவாகச் சாப்பாடு, ஒன்றும் கைக்கு எட்டவில்லை, நாக்கு வறண்டு உதடு வெடித்திருந்தது. ஓப்பல் துணியை நனைத்து வாயில் பிழிந்ததும் அவர் முதலில் கேட்டது, "எவன் என் சங்கிலிய வெட்டினது?" "நாந்தான். எந்திரிச்சு நடந்து வந்து என் மேல கேஸ் போடு" என்றாள் அவள். அவர் அழுதுவிட்டார் ராய்ஸ். நானும் அழுதேன். ஆம்புலன்ஸ் மலை ஏறி வரும்வரை அத்தனை பேரும் அங்கேயே நின்றார்கள், ஒருத்தி அவர் கோழிகளுக்குத் தீனி போட்டாள், இன்னொருவன் அவர் தொட்டியை ரொப்பி வைத்தான். நேற்று ஓப்பல் போன் செய்தாள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாராம்.

எனக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது. உனக்கு ஏதாவது ஆகிக் கிடந்தால் யாருக்கும் தெரியாமல் போகுமே என்றுதானே பயந்தேன், அந்த ஊரில் அப்படி விடமாட்டார்கள். அதனால் அந்த மேட்டு நிலம் வேண்டாம், மாவட்டத்தை மட்டும் கைவிடாதே. கீழே ஓடையோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வருமாம், அங்கே ஏதாவது விலைக்கு வந்தால் முதலில் நம்மிடம் சொல்வதாக ஓப்பல் வாக்குக் கொடுத்திருக்கிறாள். உனக்கு என்ன எழுத என்று அப்பாவைக் கேட்டேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "கிணறு தோண்டுற அன்னிக்கு நானும் வர்றேன்னு எழுது" என்றார்.

மெரிடித்துக்கும் நோராக்குட்டிக்கும் எங்கள் அன்பு முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அங்கே குடிபோன பிறகு உன் கிணற்றில் தண்ணீர் பொங்கி வழிந்தாலும் சரி, சனிக்கிழமை காலையில் ஒரு வாளியையாவது தூக்கிக்கொண்டு அந்தக் குழாயடிக்குப் போய் நில், நாலு பேர் உன் முகத்தைப் பார்க்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
லொரெய்ன்