என் கருவியை யார் பார்ப்பது?

ஜனவரி 16, வியாழன்

மாலை ஐந்து மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வந்துவிட்டது. அபாயம் மூன்றாம் நிலை. ஐந்தில் மூன்றுதானே என்று சுவிஸ் மலையிலுள்ள இந்த எங்காதீன் பள்ளத்தாக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். ஆட்கள் சாவதும் இந்த மூன்றில்தான். நான்கு என்றால் வீட்டைவிட்டு யார் அசைகிறார்கள்? ஞாயிறன்று மலைச் சங்கத்து ஆட்கள் ஆறு பேரைப் பனிச்சறுக்குப் பயணம் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில்.

ஜனவரி 18, சனி

வீட்டுக்கு மேலுள்ள சரிவில் குழி வெட்டிப் பார்த்தேன். மேலே அரை மீட்டர் கெட்டிப் பனி. அடியில் சர்க்கரை போல உதிர்கிற பழைய பனி, பிடித்தால் கையில் நிற்கவில்லை. மேல் அடுக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். பயணத்தை நிறுத்திவிடவா என்று ஃப்ளூரினிடம் கேட்டேன். உன் இஷ்டம் என்றார். கணவன்மார்கள் வழக்கமாகச் செய்யும் உதவி.

அவர் தம்பி குர்தின் போனிலேயே ஆரம்பித்துவிட்டான். போன வருடமும் பாதியில் திருப்பிக் கூட்டிவந்தேனாம், இந்த வருடமாவது உச்சியைக் கண்ணில் காட்டுவேனா என்று கேட்டான். காட்டுகிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது.

காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் வழக்கமான சோதனை. நெஞ்சில் கட்டிய சிக்னல் கருவிதானே புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும். என்னுடையதை ‘அனுப்பு’விலிருந்து ‘தேடு’வுக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். ஆறு பீப். கடைசியாக வந்த குர்தின், “அண்ணி, வசந்தம் வந்து பனி உருகறதுக்குள்ள கிளம்பிடலாமா?” என்றான். எரிச்சலில் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்தான சரிவைக் குறுக்காகத் தாண்டவேண்டும். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஏன் திரும்பவில்லை? குர்தின் சிரிப்பான் என்றுதான். வேறு காரணமே இல்லை. நான் முதலில் போகிறேன், கண்ணெடுக்காமல் பாருங்கள் என்றேன்.

பாதி தூரத்தில் காலடியில் தொம்மென்று ஒரு சத்தம். சரிவு முழுவதும் ஒரு விரல் அளவு இறங்கியது. என் சறுக்குக் கட்டையிலிருந்து மேலே ஒரு விரிசல் ஓடியது — பஸ் நீளத்துக்கு — அங்கேயே நின்றது. எதனால் நின்றது என்று தெரியவில்லை. மூச்சு விடவும் பயந்து, வந்த தடத்திலேயே திரும்பினேன். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

விடுதியில் பார்லி சூப் வாங்கி உட்கார்ந்தோம். குர்தின் ரொட்டியைப் பிய்த்து என் கிண்ணத்தில் போட்டான். “புதைஞ்சிருந்தாலும் பத்து நிமிஷத்துல தோண்டி எடுத்திருப்போம் அண்ணி. நாங்க எதுக்கு இருக்கோம்?” கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

அதே நாள், சற்றுப் பின்

சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். என் கருவி ‘தேடு’விலேயே இருக்கிறது. காலையிலிருந்து. பழைய கருவி, தானாக ‘அனுப்பு’வுக்குத் திரும்பாது.

தேடியிருப்பாங்க. ஒண்ணுமே கேட்டிருக்காது. ஆறு பேரும் பனியில குச்சியால குத்திக் குத்தி —

ஐயோ.

ஜனவரி 20, திங்கள்

ஃப்ளூரினிடம் சொல்லவில்லை.

ஜனவரி 23, வியாழன்

கண்ணை மூடினால் தொம்மென்கிறது. யாருக்கும் தெரியாது, அப்படியே விட்டுவிடு என்கிறது மனசு. விட்டால்? பன்னிரண்டு வருடமாகத் தலைமை தாங்குகிறேன். ஊருக்குத்தான் உபதேசம். தலைவர் எல்லோரையும் சோதிப்பார், தலைவரை யாரும் சோதித்ததில்லை. எங்கள் சங்கத்தில் அது அவமரியாதை.

ஜனவரி 24, வெள்ளி

குர்தினின் மாட்டுக்கொட்டகைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். கிண்டல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். “அண்ணன்கிட்ட நான் என்ன சொல்லியிருப்பேன்?” என்றான். திரும்பவும் அதையே கேட்டான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அபாயம் இரண்டாம் நிலை. வண்டி நிறுத்துமிடத்தில் ஆறு பேர், ஆறு பீப். என் கருவியை ‘அனுப்பு’வுக்கு மாற்றிவிட்டுக் கிளம்பத் திரும்பினால், குர்தின் வழியை மறித்து நிற்கிறான், ‘தேடு’வில் வைத்த தன் கருவியைக் கையில் பிடித்தபடி.

“இப்ப நீங்க நடங்க, அண்ணி.”

எல்லோரும் பார்த்தார்கள். கன்னம் சுட்டது. நடந்தேன். பீப் கேட்டது. அவன் வழி விடவில்லை.

“இன்னொரு தடவை.”

இன்னொரு தடவை நடந்தேன். பிறகு அவன் தன் கருவியை ‘அனுப்பு’வுக்கு மாற்றும்வரை நான் நகரவில்லை.